எரு வேண்டாத தோட்டம்

பயிர்த்தொழிலின் படிகளைத் திருவள்ளுவர் உழவு என்னும் அதிகாரத்திலே ஒழுங்குபடுத்திக் காட்டியுள்ளார். நிலத்தை உழவேண்டும், எருவிட வேண்டும், களைகட்ட வேண்டும், நீர் பாய்ச்ச வேண்டும், பின்னர்க் காவல் செய்ய வேண்டும். இவற்றுள் உழுதலினும் எருவிடுதல் மேல் என்பதும், நீர் பாய்ச்சலினும் காவல் மேல் என்பதும் அவர் கருத்து. வன்னியிலே நெல் விளைவிப்பவராயினும், வலிகாமத்திலே புகையிலை நடுபவராயினும், இதற்கு மாறு கூறமாட்டார்.

ஆயினும், இவ்வொழுங்கிலிருந்து ஒரு படியை முற்றாக நீக்கிவிட்ட தோட்டம் ஒன்று உண்டு. அங்கே எருவிடுதல் பெருங்குற்றம். இரக்கப்பட்டு ஒரு பிடி பசளை இட்டவன் தன் செடிகளைத் தானே கொன்றவனாவான். அத்தோட்டத்திலே ஆண்டு முழுவதும் உள்ள வேலை பெரும்பாலும் ஒன்றே: களை எடுத்தல். பூச்சியுண்ணும் தாவரங்களை வளர்ப்பதற்கென மேல்நாட்டார் அமைக்கும் சதுப்புத் தோட்டமே அது.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இத்தகைய தோட்டத்தை வீட்டுக் கொல்லையிலே வைத்திருப்போர் பலர். ஒரு மாட்டுவண்டியின் தட்டளவு நிலமே இதற்குப் போதும். வட கரோலைனா மாநிலத்துச் சப்பல் ஹில் நகரிலும், ஜோர்ஜியா மாநிலத்து அற்லாண்டா நகரிலும் உள்ள தாவரவியற் பூங்காக்கள் இச்செடிகளைப் பெருந்தொகையாகப் பேணி வருகின்றன. பார்ப்பவர் கண்ணுக்கு அது விந்தைப் பொருட்காட்சி. பேணுபவர் கைக்கோ அது ஓயாத வேலை. அந்த வேலையின் நுட்பத்தை அறியுங்கால், தாவரவியற் பாடநூல் சொல்லாது விட்ட ஓர் உண்மையும் நமக்குப் புலனாகின்றது.

டார்வின் எண்ணிய இலைகள்

1860ஆம் ஆண்டுக் கோடையிலே, இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியிலுள்ள புதர் நிலமொன்றில் உலாவச் சென்றார் சாள்ஸ் டார்வின். அங்கே துரோசெரா எனப்படும் பனித்துளிச் செடியைக் கண்டார். செந்நிற மயிர்கள் நிறைந்த சிறிய இலை. ஒவ்வொரு மயிரின் நுனியிலும் பசைத்துளி. அத்துளிகளிலே சிறு பூச்சிகள் சிக்கிக் கிடந்தன. பலரும் இதனைக் கண்டிருப்பர். டார்வின் கண்டதோடு நில்லாது எண்ணினார். பன்னிரண்டு செடிகளைப் பிடுங்கினார். அவற்றிலே நன்கு விரிந்த இலைகள் 56. அவற்றுள் 31 இலைகளிலே பூச்சிகளோ, பூச்சிகளின் எச்சங்களோ ஒட்டியிருந்தன. இது தற்செயலன்று என்று அவர் உள்ளம் கூறியது.

பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1875இல், பூச்சியுண்ணும் தாவரங்களைப் பற்றிய அவரது நூல் வெளிவந்தது. பாலையும், முட்டையின் வெண்கருவையும், இறைச்சிச் சாற்றையும் இலைமீது இட்டபோது மயிர்கள் வளைந்தன. சீனிக் கரைசலையும், பிசினையும், தேநீரையும் இட்டபோது அவை அசையவில்லை. நைதரசன் உள்ள பொருளையே அச்செடி தேடுகின்றது என்பதை அவர் இவ்வாறு நிறுவினார். அவர் மகன் பிரான்சிஸ் டார்வின், 1878இல், இறைச்சித் துணுக்கு ஊட்டிய செடிகளையும் ஊட்டாத செடிகளையும் ஒப்புநோக்கி, ஊட்டியவை இருமடங்குக்கு மேற்பட்ட விதைகளைத் தந்தன என்று காட்டினார்.

இச்செடிகள் நமக்கும் அயலானவை அல்ல. துரோசெராவின் இனங்கள் இலங்கையிலும் உண்டு. ஈரவலயக் காட்டோரங்களிலே படர்ந்து, இலை நுனியிலே கெண்டியைத் தொங்கவிடும் நெப்பந்தெஸ் கொடி இலங்கைக்கே உரியது. சிங்கள மக்கள் அதனைப் ‘பாந்துரா’ என்பர். லின்னேயஸ் 1753இல் அதற்கு நெப்பந்தெஸ் டிஸ்டிலற்றோரியா என்று பெயரிட்டு நூலேற்றினார். ஆனால், நாம் இங்குப் பேசும் சதுப்புத் தோட்டத்தின் தலைமக்கள் வேறு. கெண்டியைத் தொங்கவிடாமல், எக்காளம் போன்ற குழல்களை நிலத்திலிருந்தே நிமிர்த்தி நிற்கும் சரசீனியாவும், இலையையே வாயாக மூடித் திறக்கும் வீனஸ் ஈப்பொறியும், பனித்துளிச் செடியுமே அவை. சரசீனியா வட அமெரிக்காவுக்கு உரியது. ஈப்பொறியோ இயற்கையாக வளர்வது, வட, தென் கரோலைனா மாநிலங்களின் கரையோரச் சமவெளியில் மாத்திரமே.

புல்லுக்குத் தோற்கும் கொலையாளி

பாடநூற் படங்களிலே இச்செடிகள் கொடுங்கோலரைப் போலக் காட்சியளிக்கின்றன. ஈ வந்து இருக்கின்றது, வாய் மூடுகின்றது, ஈ மடிகின்றது. மாணவர் வியப்புறுகின்றனர். ஆனால், அப்படத்திலே காட்டப்படாத ஒன்றுண்டு. ஈயைக் கொல்ல வல்ல அச்செடி, தன் பக்கத்திலே முளைக்கும் ஒரு புல்லை வெல்ல வல்லதன்று.

காரணம் எளியது. சாதாரணச் செடியின் இலைக்கு ஒரு தொழில். சூரிய ஒளியைக் கொண்டு மாவுப்பொருளை ஆக்குவது. பூச்சியுண்ணும் செடியின் இலையோ பொறியாகவும் இருத்தல் வேண்டும். குழலும் மூடியும் பசையும் செரிக்கும் நீரும் செலவின்றி உண்டாவதில்லை. இரண்டு தொழில் செய்யும் இலை, ஒளித்தொகுப்பிலே பின்தங்கிவிடுகின்றது. பூச்சியிலிருந்து அது பெறுவது நைதரசனும் பொசுபரசும் போன்ற ஊட்டப்பொருள்களே. உடலைக் கட்டும் ஆற்றலுக்கு அது வெயிலையே நம்பவேண்டும். இந்த வரவு செலவுக் கணக்கை 1984இல் தோமஸ் கிவ்னிஷ் என்பாரும் அவருடன் உழைத்தோரும் தெளிவாக்கினர். மண் வறிதாகவும், நீர் நிறைவாகவும், வெயில் தடையின்றியும் இருக்கும் இடத்திலேதான் இவ்வாழ்க்கை இலாபம் தரும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் நட்டமே.

மண் வளம்பெற்றால் நிகழ்வது என்ன? புல்லும் பூண்டும் புதரும் அங்கே ஓங்குகின்றன. அவற்றின் நிழல் விழுகின்றது. வெயிலை இழந்த குழல்கள் மெலிந்து சாய்கின்றன. சில ஆண்டுகளில் அவை இருந்த இடமே தெரியாது. அதுமட்டுமன்று. ஊதாநிறச் சரசீனியாவை ஆராய்ந்த எலிசன், கொட்டெல்லி என்னும் இருவர் 2002இல் வெளியிட்ட முடிவு இன்னும் வியப்பைத் தருவது. நைதரசன் மிகுதியாகக் கிடைக்கும்போது அச்செடி குழலைச் சுருக்கிக்கொண்டு, வெறும் தட்டையான இலைகளை விடுகின்றது. நிறைந்த வீட்டிலே கைத்தொழில் மறந்த பிள்ளையைப் போல, அது பொறி அமைக்கும் கலையையே கைவிடத் தொடங்குகின்றது.

ஆகவே, இத்தோட்டக்காரன் காப்பது செடியை மட்டுமன்று. அது வாழும் வறுமையையும் அவன் காக்கின்றான். களை என்பது அவ்வறுமை கெட்டுவிட்டது என்பதற்கு முதற் சாட்சி.

வறுமையைச் சமைத்தல்

தோட்டம் அமைப்பதிலேயே களையெடுப்பிற் பாதி முடிந்துவிடுகின்றது என்பது அனுபவசாலிகளின் துணிபு. ஏறக்குறைய ஒன்றரை அடி ஆழத்திற்குக் குழி தோண்டி, குளங்களுக்கு இடும் தடித்த இறப்பர் அல்லது பிளாஸ்ரிக் விரிப்பை அதிலே பரப்புவர். அயல் மண்ணின் சத்து உள்ளே வராமலும், அயல் மரங்களின் வேர் நுழையாமலும் அவ்விரிப்பு தடுக்கின்றது. மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே சில துளைகள் இடுவர். அடியிலே நீர் தங்கும். மிகுந்த நீர் வழிந்தோடும். குழியினுள்ளே இடுவது தோட்ட மண் அன்று; பீற் எனப்படும், அரைகுறையாக மக்கிய பாசிப் படிவும், சுண்ணாம்பு கலவாத மணலும் சேர்ந்த கலவை. அது புளிப்புத் தன்மையது, சத்தற்றது.

நீரும் மழைநீராக இருத்தல் வேண்டும். குழாய்நீரிலும் கிணற்றுநீரிலும் கரைந்துள்ள உப்புகள் மண்ணிலே சேர்ந்து, புளிப்பைப் போக்கிச் செடியைக் கெடுக்கும். யாழ்ப்பாணத்து வாசகருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. சுண்ணக்கல்லிலிருந்து ஊறும் நம் கிணற்றுநீர், கேத்தலின் அடியிலே வெள்ளைப் படையாகப் படிவதை நாம் நாள்தோறும் காண்கின்றோம். அந்த நீரை ஒரு பருவம் ஊற்றினால் போதும். ஈப்பொறி வாய் திறவாது.

இங்கே ஒரு முரணையும் குறிப்பிடவேண்டும். பீற் படிவு இயற்கைச் சதுப்புகளிலே ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் அளவே வளர்வது. ஓரடிப் படிவு உண்டாக முந்நூறு ஆண்டுகள் செல்லும். தோட்டத்திலே ஒரு சதுப்பை ஆக்குவதற்காக, காட்டிலே ஒரு சதுப்பை அகழ்வதா என்ற கேள்வி இன்று மேல்நாட்டுத் தோட்டக்காரரை உறுத்துகின்றது. சிலர் பழைய கலவையை வீசாது மீண்டும் பயன்படுத்துகின்றனர். வேறு சிலர், இலங்கை போன்ற நாடுகளிலிருந்து செல்லும் தென்னந் தும்புத்தூளை உப்புப்போகக் கழுவிக் கலந்து பார்க்கின்றனர்.

அழையா விருந்தினர்

இத்தனை ஏற்பாட்டின் பின்னும் களை வருகின்றது. வரும் வழிகள் பல. பேர்ச், வில்லோ என்னும் மரங்களின் நுண்ணிய விதைகள் காற்றிலே மிதந்து வந்து ஈரப்பாசியிலே இறங்குகின்றன. பறவை எச்சத்தோடு முட்செடிகள் வருகின்றன. கடையில் வாங்கிய செடியின் தொட்டியிலே நாலு புல் ஒளிந்து வருகின்றது. பீற் பொதியினுள்ளேயே நாணலின் விதைகள் நெடுங்காலம் உறங்கிக் கிடந்து, வெயிலைக் கண்டதும் விழிக்கின்றன.

களைகளிலும் குணபேதம் உண்டு. காடமைன் என்னும் சிறு பூண்டு, காய் முற்றியதும் தொட்டால் வெடித்து, விதையை நாற்புறமும் எறிகின்றது. அதனை முற்றிய பின் பிடுங்க முனைபவர், தாமே விதைப்பவராகின்றார். ஜங்கஸ் என்னும் நாணல், தூசு போன்ற விதைகளை ஆயிரக்கணக்கிற் சொரிகின்றது. முதிர்ந்துவிட்டால் அதன் வேர்ப்பிடியைச் சதுப்பு முழுவதும் கலங்காமல் எடுத்தல் அரிது. கோரையினம் நிலத்தடியிலே ஊர்ந்து, சரசீனியாவின் வேர்த்தண்டுக்கிழங்கினுள்ளே புகுந்துகொள்ளும். மாக்கன்சியா என்னும் தட்டைப் பாசி தோன்றுமாயின், அது வெறுங் களையன்று. மண்ணிலோ நீரிலோ சத்து மிகுந்துவிட்டது என்று தோட்டக்காரனுக்கு வந்த ஓலை.

பாசியைப் பற்றி மேலும் ஒன்று கூறவேண்டும். ஸ்பாக்னம் பாசி இத்தோட்டத்தின் உயிர்நாடி. தன் எடையைப் போற் பலமடங்கு நீரைப் பிடித்து வைப்பதும், சுற்றுப்புறத்தைப் புளிப்பாக்குவதும் அதுவே. ஆனால், அதுவும் அளவு கடந்து வளர்ந்தால், விரல் நகமளவேயான பனித்துளிச் செடியை மூடிவிடும். நண்பனையும் ஆண்டுக்கொருமுறை கத்தரிக்கவேண்டிய இடம் இது.

சாவணமும் கத்தரிக்கோலும்

நம் வயலிலே களை எடுப்போர் வரிசையாகக் குனிந்து நின்று, இரு கையாலும் பிடுங்கிக் கட்டி வரம்பிலே போடுவர். சதுப்புத் தோட்டத்திலே அம்முறை செல்லாது. முதலாவதாக, அதன்மேற் கால் வைத்தலே ஆகாது. கலவை அமுங்கினால் காற்று வெளியேறும், வேர் அழுகும். ஆதலால், நாற்புறமிருந்தும் கைக்கு எட்டும் அகலத்திலேயே தோட்டம் அமைப்பர். அகலம் கூடினால் இடையிடையே பலகையோ தட்டைக்கல்லோ இடுவர். மண்வெட்டியும் களைகொத்தியும் இங்கே புகக்கூடா. கொத்தினால், அடியிலே உறங்கும் விதைகள் மேலே வந்து அடுத்த படை எழும்.

கருவிகள் இரண்டே: சாவணம் ஒன்று, கத்தரிக்கோல் ஒன்று. இரண்டிலை விட்ட முளையைச் சாவணத்தால் அடியிலே பற்றி, மற்றக் கையின் இரு விரல்களாற் பாசியை அழுத்திக்கொண்டு, மெல்ல நேரே இழுக்கவேண்டும். மழை பெய்து ஓய்ந்த வேளை இதற்கு உகந்தது. வேர் முழுதாக வரும். முள்மரத்தை இளையதாக இருக்கும்போதே களைக என்று குறள் அரசியலுக்குச் சொன்ன அறிவுரை, இங்கே எழுத்துக்கெழுத்துப் பொருந்துகின்றது.

முதிர்ந்துவிட்ட களையை என்செய்வது? பிடுங்கினால் பயிரின் வேரும் உடன் வரும். ஆகவே பிடுங்குதல் வேண்டா, நறுக்குதல் வேண்டும். நிலமட்டத்திலே கத்தரித்துவிட்டு, மீண்டும் துளிர்க்கும்போது மீண்டும் கத்தரிக்கவேண்டும். இலையை இழந்து இழந்து, கிழங்கிலே சேமித்ததைச் செலவிட்டுச் செலவிட்டு, அக்களை ஓரிரு பருவத்திலே பட்டினியால் மடியும். களைகொல்லி மருந்து எனின், அதனை வாசலிலேயே நிறுத்திவிடுதல் நன்று. நீர் தேங்கி நிற்கும் மண்ணிலே களைக்கு இட்ட நஞ்சு பயிரையும் பாசியையும் தேடிச் செல்லும்.

கோரை சரசீனியாவின் கிழங்கோடு பின்னிக்கொண்டால் வழி ஒன்றுதான். குளிர்காலத்து இறுதியிலே, செடி விழிப்பதற்கு முன், அதனை அடியோடு அகழ்ந்தெடுக்கவேண்டும். மழைநீரிலே மண்போகக் கழுவி, கிழங்கைப் பிரித்து, களையின் வேரை இழை இழையாக விடுவித்து, மீண்டும் நடவேண்டும். ஒரு முற்பகல் முழுவதும் இரண்டு செடிக்கே செல்லும். பொறுமையற்றோர் இத்தோட்டத்துக்கு ஆகார்.

இவ்வேலையிலே ஏமாற்றமும் உண்டு. பனித்துளிச் செடியின் நாற்று, தொடக்கத்திலே குண்டூசித் தலையளவான செம்புள்ளி மாத்திரமே. சரசீனியாவின் நாற்றோ மெல்லிய புல் போலத் தோன்றும். அவசரக்காரன் கையிலே களையோடு பயிரும் போய்விடும். எனவே, ஐயம் தோன்றினால் ஒரு கிழமை விட்டுவைத்துப் பின் தீர்மானிக்க என்பது இத்துறையில் எழுதாத சட்டம்.

குளிர்காலத் துப்புரவு

களையெடுப்போடு சேர்ந்தது துப்புரவு. இலையுதிர் காலத்திலே அயல் மரங்களின் சருகு வந்து விழும். அதனை அள்ளாது விட்டால், அது மக்கி எருவாகும். வேறு தோட்டங்களிலே வரவேற்கப்படும் அவ்வெருவே இங்கே களைகளுக்கு இடும் விருந்து. ஈப்பொறியின் கறுத்த இலைகளை அவ்வப்போது நறுக்கி எடுத்தல் வேண்டும். அன்றேல் சாம்பல் நிறப் பூஞ்சணம் அவற்றிலே குடியேறி, உயிருள்ள இலைக்கும் தாவும்.

சரசீனியாவின் பழைய குழல்கள் குளிர்காலத்திலே பழுத்து வாடும். அவற்றை உடனே வெட்டுதல் தேவையில்லை. கடுங்குளிரிலே அவை கிழங்குக்குப் போர்வையாகும். குளிர்காலம் முடியும் தறுவாயில், பூ மொட்டுகளும் புதுக் குழல்களும் எழுமுன், அவற்றை அடியோடு கத்தரிப்பர். அப்போதுதான் முளைகள் மீது வெயில் விழும். வெட்டிய பின் தோட்டம் மொட்டையாகிவிடும். இரண்டு மாதத்திலே, பச்சையும் செம்மையும் வெண்மையுமான எக்காளங்கள் வரிசையாக எழுந்து நிற்பதைக் காண்பவர், வெட்டியவன் கை வாழ்க என்பர்.

தோட்டக்காரனாகிய நெருப்பு

இங்கே மாணவர் ஒருவர் நியாயமான கேள்வியொன்றை எழுப்பக்கூடும். காட்டிலே சாவணம் பிடித்துக் களை எடுத்தவர் யார்? ஆயிரமாயிரம் ஆண்டுகளாக இச்செடிகள் புல்லுக்கும் புதருக்கும் தோற்காமல் வாழ்ந்தது எவ்வாறு?

விடை: நெருப்பு. அமெரிக்காவின் தென்கிழக்கிலே, நீளிலைப் பைன் மரங்கள் இடைவிட்டு நிற்கும் பரந்த புல்வெளிகளே சரசீனியாவின் தாயகம். கோடை இடிமின்னலால் அங்கே சில ஆண்டுகளுக்கொருமுறை தீ மூளும். அந்நிலத்தின் ஆதிக்குடிகளும் வேண்டுமென்றே தீயிட்டு வந்தனர். தரையோடு ஓடிச்செல்லும் அத்தீ புதரையும் மரக்கன்றையும் சருகையும் எரித்துச் செல்லும். பைன் மரத்தின் தடித்த பட்டையை அது ஒன்றும் செய்யாது. ஈர மண்ணினுள்ளே கிடக்கும் சரசீனியாவின் கிழங்கையும் அது தீண்டாது. சாம்பல் ஆறியதும், தடையற்ற வெயிலிலே புதுக் குழல்கள் எழும்பும். தோட்டக்காரன் குளிர்கால முடிவிலே கத்தரிக்கோலாற் செய்யும் வேலை, காட்டிலே நெருப்புச் செய்த வேலையின் நிழலே.

இருபதாம் நூற்றாண்டிலே மனிதர் நெருப்பைப் பகையென்று கருதினர். காட்டுத்தீயைக் கண்ட இடமெங்கும் அணைப்பது அரசின் கடமையாயிற்று. தொப்பியணிந்த கரடியொன்றின் படத்தோடு 1944இல் தொடங்கிய தீத்தடுப்புப் பிரசாரம், அமெரிக்கச் சிறார் அனைவர் மனத்திலும் பதிந்தது. நோக்கம் நல்லதே. ஆனால், தீ வராத சதுப்புகளிலே புதர் ஏறிற்று; புதர் நிழலிலே சரசீனியா மறைந்தது. வடிகால் வெட்டுதலும், மரத் தோட்டங்களும், வயலும் வீடும் எஞ்சியதை விழுங்கின. ஒருகாலத்தில் ஏறக்குறைய 9 கோடி ஏக்கர் பரந்திருந்த நீளிலைப் பைன் காடு, இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலே ஏறக்குறைய 30 இலட்சம் ஏக்கராகச் சுருங்கிற்று. அதனோடு சதுப்புகளும் போயின. பச்சைச் சரசீனியா 1979இலும், மலைநாட்டுச் சரசீனியா 1988இலும் அழியும் தறுவாயிலுள்ளவை என அமெரிக்க அரசின் பட்டியலில் ஏறின. யாரும் அவற்றைக் கொல்ல நினைத்ததில்லை. களை எடுக்கும் கையைத் தடுத்துவிட்டார்கள்; அவ்வளவே.

இதனை முன்னரே உணர்ந்தோரும் இருந்தனர். காடையின வாழ்வை ஆராய்ந்த ஹேர்பேட் ஸ்டொடார்ட், 1931இல் வெளியிட்ட நூலிலே, அப்புல்வெளிகளுக்கு நெருப்பு வேண்டும் என்று வாதாடினார். அன்று அது பலருக்கு உவப்பாகவில்லை. இன்றோ, வட கரோலைனாவின் ‘கிறீன் சுவாம்ப்’ காப்பகத்திலும், அலபாமாவின் ‘ஸ்பிலின்ரர் ஹில்’ சதுப்பிலும், காற்றின் திசையும் மண்ணின் ஈரமும் பார்த்து, பயிற்சி பெற்றோர் முறையாகத் தீயிடுகின்றனர். தீயிட முடியாத சிறு சதுப்புகளிலே, தொண்டர்கள் கைவாளும் கத்தியும் கொண்டு புதர் வெட்டுகின்றனர். கொல்லைப்புறத்துத் தோட்டக்காரன் செய்வதும் அவர்கள் செய்வதும் ஒரே தொழில், அளவே வேறு.

களை எது, பயிர் எது?

இவ்வளவும் கூறியபின், களை என்னும் சொல்லையே சற்று ஐயுற வேண்டியுள்ளது. தென்னாபிரிக்காவிலிருந்து வந்த ஒருவகைப் பனித்துளிச் செடி, பூச்சியுண்ணும் செடி வளர்ப்போரின் கண்ணாடி வீடுகளிலே, தொட்டிக்குத் தொட்டி தானே விதைத்துப் பரவி, எடுத்து எறியப்படும் களையாகின்றது. அதுவும் பூச்சியுண்ணும் செடிதான், அழகும் குறைந்ததன்று. அழைத்த இடத்தில் அது விருந்து; அழையாத இடத்தில் களை.

இதனினும் பெரிய எடுத்துக்காட்டு அயர்லாந்திலே உண்டு. வட அமெரிக்காவின் ஊதாநிறச் சரசீனியாவை 1906இல் அங்கே ஒரு சதுப்பிலே நட்டனர். அது அந்நிலத்தை விரும்பிற்று. நூறாண்டிலே பல்கிப் பரவிற்று. அந்நாட்டுச் சதுப்புக்கே உரிய பாசியையும் சிறுபூண்டையும் அது நெருக்கத் தொடங்கியமையால், இன்று அதனை அகற்றவேண்டியதாயிற்று. கரோலைனாவிலே எந்த இனத்தைக் காக்கப் புதரைப் பிடுங்குகின்றார்களோ, அவ்வினத்தையே அயர்லாந்திலே களையென்று பிடுங்குகின்றார்கள். இரண்டும் சரியே. களை என்பது செடியின் குணமன்று; இடத்தோடு அதற்குள்ள உறவு.

நம் நாட்டிலும் இதற்குச் சான்றுண்டு. ஹோட்டன் சமவெளியின் குளிர்ந்த புல்வெளிகளிலே, ஐரோப்பாவிலிருந்து வந்த கோர்ஸ் என்னும் மஞ்சட்பூ முட்புதர் வேரூன்றிப் பரவியுள்ளது. அதன் தாயகத்திலே அது புலவர் போற்றும் பூ. இங்கே அது அழிவைக் கொணரும் களை. அதனைப் பிடுங்கத் தொண்டர்கள் அம்மலைக்கு ஏறுகின்றனர். அந்நிலத்தின் உரிமைக்குடிகள் சிறியவை. காலடியிலே கிடந்தும் கண்ணிற் படாதவை. அவை தாமாகப் போராடி வெல்லமாட்டா.

ஈயை விழுங்கும் செடியின் படத்தை ஆசிரியர் ஒருவர் கரும்பலகையிலே வரையும்போது, அதன் பக்கத்திலே ஒரு புல்லையும் வரைந்து காட்டுவாராக. ‘பிள்ளைகளே, ஈயை இது தானே பிடித்துக்கொள்ளும், இந்தப் புல்லை மாத்திரம் யாராவது பிடுங்கிக் கொடுக்க வேண்டும்’ என்று அவர் சொல்வாராயின், ஒரு மழைநாள் மாலையிலே குனிந்திருந்து சாவணத்தாற் களை எடுக்கும் தோட்டக்காரன் என்ன செய்கின்றான் என்பது அப்பிள்ளைகளுக்கு விளங்கும்.